வேலை வந்தால் வகுப்பை விடுவீர்களா?

ஆலோசனை நிலையத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தக்கூடிய ஆளா நான்? ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என் பேச்சைக் கேட்க என் வீட்டுக்காரர் ஒருவர்தான் மிச்சம். அவரும் நான் வாயைத் திறந்தவுடன் காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார். ஆகவே இன்றைக்கு நீங்கள் அகப்பட்டீர்கள். தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, இருந்து கேளுங்கள்.

சட்டத்தை நான் சொல்லித்தரப் போவதில்லை. அது தடித்த புத்தகமாக வருடா வருடம் வருகிறது, வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கலாம். தென் லண்டன் ஆலோசனை நிலையத்தில் இருந்த காலம் முழுக்க எனக்குத் தலையிடி தந்தது சட்டம் இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம்தான். நானும் அதில் ஒருத்தி என்பதால் உரிமையோடு சொல்கிறேன், ஒருவரும் கோபிக்க வேண்டாம்.

எண்பதுகளின் கடைசியில் விதி இப்படி இருந்தது. வேலையில்லாதவர் பெனிபிட், அதாவது அரசாங்க உதவிப்பணம், எடுத்துக்கொண்டே ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகலாம். ஆனால் வகுப்பு கிழமைக்கு இருபத்தொரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. அதைவிடப் பெரிய நிபந்தனை, நாளைக்கே ஒரு வேலை வந்தால் வகுப்பை அப்படியே போட்டுவிட்டு வேலைக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் பெனிபிட்டின் பெயரை மாற்றினார்கள், மணித்தியாலத்தையும் குறைத்தார்கள். வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்ற சங்கதியை மட்டும் விடவேயில்லை.

வெள்ளைக்காரருக்கு இது சாதாரணக் கேள்வி. "வேலை வந்தால் வகுப்பை விடுவீர்களா?" "விடுவேன்." முடிந்தது, சைன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் ஆட்களிடம் இதைக் கேட்டால் ஒழுக்கத்தைச் சந்தேகித்த மாதிரி. படிப்பை இடையில் விட்டவன் என்றால் எங்களிடையே சம்பந்தம் பேசக்கூட யோசிப்பார்கள். பெனிபிட் அலுவலகக் கவுண்டரில் அந்தக் கேள்வி வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "ஒருநாளும் விட மாட்டன்" என்று சொல்லிவிட்டு, கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வருவார்கள். பெனிபிட் நின்றுபோகும். பிறகு என்னிடம் வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தில்லையம்பலம் மாஸ்டர். பெயரை மாற்றியிருக்கிறேன், மனிதரை மாற்றவில்லை. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தவர். அதோடு அங்கே அவர்தான் டிசிப்ளின் மாஸ்டர். காலையில் பிரம்போடு கேற்றடியில் நிற்பார். பிந்தி வருகிறவனுக்கு ஓர் அடி, வகுப்புக்குப் போகாமல் கள்ளமடித்து மதில் பாய்ந்தவனுக்கு எத்தனை அடி என்று அவனே எண்ணிச் சொல்ல வேண்டும். நாட்டில் பிரச்சினை வந்து லண்டனுக்கு வந்தார், இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. பிறகு மனைவி பரமேஸ்வரி அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாலு பேரும் இருந்தார்கள்.

புருஷனும் மனைவியுமாக என் மேசைக்கு வந்த அன்று மாஸ்டர் கோட் சூட் போட்டிருந்தார். அக்கா ஒரு தேர்மோஸ் நிறையத் தேநீர் கொண்டுவந்திருந்தார். எனக்கும் ஒரு கப் ஊற்றித் தந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள்.

"தங்கச்சி, என்ரை பெனிபிட்டை நிப்பாட்டிப்போட்டினம்," என்றார் மாஸ்டர். "அவையள் ஏதோ பிழை விட்டிட்டினம். நீங்கள் ஒருக்கால் போன் பண்ணிச் சொன்னியள் எண்டா சரி வந்திடும்."

"என்ன காரணமாம், மாஸ்டர்?"

"நான் படிக்கிறனாம். படிக்கிறது குற்றமோ?"

"கவுண்டரிலை அந்தப் பிள்ளை என்ன கேட்டவ, நீங்கள் என்ன சொன்னியள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

மாஸ்டர் எழுந்து நின்றார். இருந்துகொண்டு சொல்லக்கூடிய கதை இல்லையாம். "என்ன செய்யிறியள் எண்டு கேட்டவ. கம்ப்யூட்டரிலை கணக்கியல் படிக்கிறன் எண்டனான். எவ்வளவு நேரம் எண்டு கேட்டவ. மேடம், இரவு பகலாப் படிக்கிறன் எண்டனான்."

"இரவு பகலாவோ! உங்கடை வகுப்பு உண்மையிலை எவ்வளவு நேரம்?"

"கிழமைக்கு ஒரு பன்னிரண்டு மணித்தியாலம் வரும். அதை அப்பிடியே சொன்னா என்னைச் சோம்பேறி எண்டெல்லோ நினைப்பா?"

"சரி, பேந்து?"

"வேலை வந்தா வகுப்பை விடுவியளோ எண்டு கேட்டவ." கோட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "மேடம், அரண்மனையிலை இருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும், சோதனை முடியாமல் இந்தத் தில்லையம்பலம் கதிரையை விட்டு எழும்பான் எண்டு சொன்னனான்."

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நானும் பக்கத்திலைதான் நிண்டனான், தங்கச்சி. எனக்கு இங்கிலீஷ் விளங்காது. ஆனா இவர் சொன்ன விதம் விளங்கிச்சு. அந்தப் பிள்ளை உடனை குனிஞ்சு எழுதத் தொடங்கியிட்டுது."

"எழுதாமல் என்ன செய்யும், அக்கா!" என்றேன். தலையில் கை வைக்காத குறை.

நிலைமையை விளக்கினேன். பெனிபிட் நின்றால் வாடகைக்கு வருகிற உதவியும் அதோடு ஆட்டம் காணும். வீட்டுச் சொந்தக்காரர் ஏற்கெனவே படியில் நின்று இருமத் தொடங்கிவிட்டாராம். மேன்முறையீட்டில் தோற்றால், நாலு பேரும் அந்த மேல்மாடியை விட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் போவதற்கு இடம் இல்லை. அக்காவின் தம்பி இல்ஃபோர்டில் இருந்தார், ஆனால் அப்போதுதான் கலியாணம் முடித்த பெடியன், ஓர் அறையில் குடித்தனம்.

"ஒரு சுகமான வழி இருக்கு," என்றேன். "கோர்ஸை விட்டிடுங்கோ. நாளைக்கே திரும்ப பெனிபிட்டுக்குப் பதியலாம்."

அக்கா தேர்மோஸை மூடிவிட்டார். இனி ஒரு கப் தேநீரும் கிடையாது என்று எனக்கு விளங்கியது. "விம்பிள்டன் கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், இவர் கம்ப்யூட்டர் படிக்கிறார் எண்டு," என்றார். "இனி அவையளுக்கு என்னெண்டு சொல்லுறது? மனுசன் பாதியிலை விட்டிட்டார் எண்டோ?" மாஸ்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். உங்களில் யாராவது கெட்டிக்காரர் இருந்தால் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருப்பீர்கள். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

மேன்முறையீட்டுக்குப் போவது என்று முடிவானது. மணித்தியாலக் கணக்கு எனக்குப் பயமில்லை. வீட்டில் தனியே இருந்து படிப்பதை விதி கணக்கில் எடுக்காது, ஆகவே "இரவு பகல்" அடிபட்டுப்போகும். மற்றக் கேள்விதான் கழுத்தைப் பிடித்தது. ஒரு நாள் ஒத்திகைக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கும் தேர்மோஸோடு அக்கா பக்கத்தில் இருந்தார்.

"மாஸ்டர், நான்தான் நடுவர் எண்டு நினையுங்கோ. நாளைக்கு வேலை வந்தா வகுப்பை விடுவியளோ?"

"ஓம்," என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். "ஆனா..."

"ஆனா இல்லை, மாஸ்டர். ஓமோடை நிப்பாட்டுங்கோ. திரும்பக் கேக்கிறன். விடுவியளோ?"

"ஓம். எண்டாலும்..."

"எண்டாலும் இல்லை!"

"என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ, தங்கச்சி?"

"ஐயோ, உண்மையைத்தான் கேக்கிறன். உண்மையிலை விடுவியளோ, மாட்டியளோ?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா, "அவர் விடமாட்டார், தங்கச்சி, எனக்கெல்லோ தெரியும்," என்று பதில் சொல்லிவிட்டார். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். மனிதரைப் பொய் சொல்லவும் வைக்க முடியாது, உண்மை சொல்லவும் வைக்க முடியாது. எனக்கு வந்த எரிச்சலில் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை குரோய்டனில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு கட்டடத்தில். நடுவர் ஒரு வயதான வழக்கறிஞர், புள்ளி போட்ட டை கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் அவருக்குத் துணையாக இரண்டு பேர். எதிரே, பெனிபிட்டை நிறுத்திய திணைக்களத்தின் சார்பில் ஒரு இளம் உத்தியோகத்தர், தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. மாஸ்டருக்கு ஆங்கிலம் தெரியும், அக்காவுக்குத்தான் தேவை. "உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் நீங்களே மொழிபெயர்க்கலாமா?" என்று நடுவர் என்னிடம் கேட்டார். எல்லோரும் சம்மதித்தார்கள். நானும் மடைச்சி மாதிரித் தலையாட்டினேன்.

மணித்தியாலக் கணக்கைச் சொன்னேன். நடுவர் ஒத்துக்கொண்டார். முதல் கண்டம் தாண்டியது. அவர் மாஸ்டர் பக்கம் திரும்பி இரண்டாவது கேள்விக்கு வாயெடுக்க, அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"அந்த அம்மா ஏதோ சொல்ல விரும்புகிறார் போலிருக்கிறது," என்றார் நடுவர்.

"வேண்டாம் அக்கா," என்று மெல்லச் சொன்னேன். மெல்லச் சொன்னால் கேட்கிற ஆளா? எழுந்துவிட்டார்.

"ஐயா, என்ரை மனுசனைப் போலை படிக்கிற ஒரு ஆளை நீங்கள் காணமாட்டியள். மழை எண்டில்லை, பனி எண்டில்லை, காய்ச்சல் எண்டில்லை. ஒரு வகுப்புக்கும் போகாமல் விட்டதில்லை. என்ரை சொந்தத் தம்பியின்ரை கலியாணம் நடந்தது. கலியாண ஹோல் மலிவாக் கிடைக்குமெண்டு வெள்ளிக்கிழமை வைச்சவை. அதுக்கும் இவர் வரேல்லை. வகுப்பு இருக்கு எண்டு போட்டார். என்ரை ஆக்கள் இண்டைக்கும் அதைச் சொல்லிக் குத்திக்காட்டினம். அப்பிடிப்பட்ட மனுசனுக்கு நீங்கள் இப்பிடிச் செய்யலாமோ?"

பிள்ளைகளே, நான் நின்ற நிலையை யோசித்துப் பாருங்கள். அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எங்கள் வழக்கின் சவப்பெட்டிக்கு அடிக்கிற ஆணி. வேலைக்காக வகுப்பை விடுவார் என்று நான் நிரூபிக்க வந்திருக்கிறேன். கலியாணத்துக்கே விடாதவர் என்று அக்கா நிரூபித்துவிட்டார். கொஞ்சம் மாற்றிச் சொன்னால் அந்த அறையில் யாருக்குத் தெரியும்? "என் கணவர் நல்லவர்" என்று சுருக்கிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

எங்கள் நிலையத்தில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரப் பெண்மணி எனக்கு மேலதிகாரியாக இருந்தார். புகை விட்டுக்கொண்டே வேலை பழக்குவார். நான் சேர்ந்த புதிதில் ஒருமுறை ஒரு கிழவரின் கெட்ட வார்த்தையை நாகரிகமாக்கி மொழிபெயர்த்துவிட்டேன். "உன் வாய் இரவல் கொடுத்த வாய்," என்றார். "இரவல் வாங்கினவர் பேசுவதைத்தான் அது பேச வேண்டும்." அந்த மனிசி மட்டும் மனதுக்குள் வந்து நின்றிருக்காவிட்டால் நான் அன்று சுருக்கியிருப்பேன். பனி, காய்ச்சல், தம்பியின் கலியாணம், குத்திக்காட்டிய சொந்தக்காரர், எல்லாவற்றையும் அப்படியே ஆங்கிலத்தில் கொட்டினேன். திணைக்களத்துப் பெடியன் மூக்கைத் துடைப்பதையும் மறந்து எழுதினான்.

நடுவர் மாஸ்டரைப் பார்த்தார். "உண்மையா? நீங்கள் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லையா?"

மாஸ்டர் எழுந்து நின்றார். ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐயா, அது சரியில்லை. நான் தவறவிட்டிருக்கிறேன்."

"என்னவாம்?" என்று அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"அம்மாவுக்கும் மொழிபெயருங்கள்," என்றார் நடுவர். வேறு வழியில்லை. மாஸ்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். மனைவியிடம் புருஷன் மறைத்ததை மூன்றாம் ஆளின் வாயால் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா?

"பல தடவை தவறவிட்டிருக்கிறேன், ஐயா," என்றார் மாஸ்டர். "டூட்டிங்கில் ஒரு லோண்டரிக்குப் போனேன். ஒரு கோழித் தொழிற்சாலைக்குப் போனேன். வயது போய்விட்டது என்றார்கள். என் பிள்ளைகளுக்கு நான் உழைத்துச் சோறு போட வேண்டும், ஐயா. அரசாங்கத்தின் காசில் அவர்கள் சாப்பிடும்போது என்னால் பார்க்க முடியவில்லை. யாராவது வேலை தந்திருந்தால் அந்த நிமிடமே கம்ப்யூட்டரை மூடியிருப்பேன்."

"கலியாணத்தன்று?" என்றார் நடுவர்.

"அன்றும் வகுப்பில் இல்லை. இல்ஃபோர்டில் ஒரு பெற்றோல் செட்டில் இருந்தேன். முதலாளி ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்லியிருந்தார். கலியாணம் ஈஸ்ட் ஹாமில் நடக்கிறது, இல்ஃபோர்டில் என்னை யார் காணப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளை இல்ஃபோர்டில் இருந்து வருகிறார் என்பதை மறந்துவிட்டேன். மத்தியானத்துக்குச் சற்று முன் பூமாலை கட்டின கார் ஒன்று பெற்றோல் அடிக்க வந்தது."

"பிறகு?"

"கல்லாவுக்குக் கீழே ஒளித்துக்கொண்டேன், ஐயா."

நடுவரின் பக்கத்தில் இருந்த பெண்மணி குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். அவருடைய தோள் குலுங்கியது.

"மாப்பிள்ளைத் தோழன் முதலாளியிடம் காசு கட்ட உள்ளே வந்தார். வெகுநேரம் நின்றார், சொக்கலேட் வேறு வாங்கினார். நான் கீழே சிகரெட் பெட்டிகளுக்குள் இருந்தேன். கார் போன பிறகு எழும்பினேன். ஆளைக் கண்டு ஒளிக்கிறவனைக் கல்லாவில் வைத்திருக்க முடியாது என்று முதலாளி என்னை அனுப்பிவிட்டார்."

நடுவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்தார். "அப்படியென்றால், கவுண்டரில் ஏன் ஒருபோதும் வகுப்பை விடமாட்டேன் என்று சொன்னீர்கள்?"

"என் மனைவி பக்கத்தில் நின்றார், ஐயா," என்றார் மாஸ்டர்.

இதையும் மொழிபெயர்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கள்ளமடித்ததற்கு அடி போட்ட மனிதர், தான் கள்ளமடித்த கதையை மனைவிக்கு முன்னால் சொல்லிவிட்டுக் கூனிப்போய் நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திணைக்களத்துப் பெடியனுக்கு அவன் வேலை. "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டான். "அந்த முதலாளியிடமிருந்து ஏதாவது இருக்கிறதா? கலியாணத்துக்குப் போகாததற்கு வகுப்புத்தான் காரணம் என்று முதலில் கேட்டோம். இப்போது பெற்றோல் நிலையம் என்கிறார். வழக்குக்குத் தோதாக இன்று சொல்கிற கதையாகவும் இருக்கலாம் அல்லவா?"

நியாயமான கேள்வி, அவனைக் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை. கல்லாவுக்குக் கீழே ஒளித்தவனுக்கு எந்த முதலாளி சாட்சி சொல்ல வருவான்? மேல்மாடி கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன். அக்காவுக்கு அதையும் மொழிபெயர்த்து முடித்தேன்.

அக்கா திரும்பவும் கையை உயர்த்தினார்.

"அக்கா, போதும்," என்றேன்.

"இரும், தங்கச்சி. இதைச் சொல்லத்தான் வேணும்." எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். மாஸ்டரைப் பார்க்கவில்லை, நேரே நடுவரைப் பார்த்தார். "ஐயா, இவர் சொல்லுறது உண்மை. நான் கண்டனான்."

மொழிபெயர்க்க வாய் வரவில்லை எனக்கு. "என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"அந்தக் காரிலை நான் இருந்தனான். மாப்பிள்ளையின்ரை அக்கா நானெல்லோ? பின்சீற்றிலை தம்பிக்குப் பக்கத்திலை. கண்ணாடிக்குள்ளாலை இவரின்ரை தலை கீழை போறதைக் கண்டனான். சனிக்கிழமை தவறாமல் நான் எண்ணெய் வைச்சுவிடுற தலை, எனக்குத் தெரியாமல் போகுமோ? தம்பி அந்தப் பக்கம் பாக்கப் போனான். கழுத்து மாலை கோணலா இருக்கு எண்டு சொல்லி அவன்ரை முகத்தை என்ரை பக்கம் திருப்பி வைச்சிருந்தனான்."

எண்ணெயையும் மாலையையும் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்படியானால், அவர் ஒரு வகுப்பும் விடவில்லை என்று சற்று முன் ஏன் சொன்னீர்கள்?" என்று நடுவர் மெதுவாகக் கேட்டார்.

"என்ரை மனுசன் மறைச்சு வைச்சதை நான் சபையிலை போட்டு உடைக்கிறதோ, ஐயா?" என்றார் அக்கா. "எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா அவருக்கு முகமில்லாமல் போயிடும். அதுதான் வாற போற ஆக்களுக்கெல்லாம் வகுப்பு, வகுப்பு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன். இப்ப அவரே வாயாலை சொல்லிப்போட்டார். இனி எனக்கென்ன?"

இதை மொழிபெயர்க்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. தொழில்முறைப்படி அது பிழை. இன்றைக்குக் கேட்டாலும் அதே பிழையைத்தான் விடுவேன். மாஸ்டர் அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டு, அன்றைக்குத்தான் ஆளை முதல்முதல் பார்க்கிறவர் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

எங்களை வெளியே இருத்திவிட்டுக் கலந்து பேசினார்கள். அதிக நேரம் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு, இவர் வேலைக்குத் தயாராக இருந்தவர்தான், பெனிபிட்டை நிறுத்தியது பிழை, நிறுத்திய நாளிலிருந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். திணைக்களத்துப் பெடியன் எழுந்து வந்து மாஸ்டருக்குக் கை கொடுத்தான். தடிமனையும் சேர்த்துக் கொடுத்திருப்பான்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் மேசைக்கு இருவர் வந்தால், இருவரையும் தனித்தனியாக ஒருமுறை கூப்பிட்டுக் கதையுங்கள். தேநீர் வாங்கப் போகச் சொல்லுங்கள், பார்க்கிங் காசு போடப் போகச் சொல்லுங்கள், எப்படியாவது பிரியுங்கள். நான் மாஸ்டரை ஐந்து நிமிடம் தனியே இருத்தியிருந்தால் லோண்டரியும் கோழியும் பெற்றோலும் என் மேசையிலேயே வெளியே வந்திருக்கும். அக்காவைத் தனியே இருத்தியிருந்தால் சாட்சியும் கையில் இருந்திருக்கும். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு "உண்மையைச் சொல்லுங்கோ" என்று கத்தினேன் பாருங்கள், அதைப் போல ஒரு விசர் வேலை வேறு இல்லை. உரிமைகளைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன், ஒரு புருஷனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எவ்வளவு மறைப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். நான் இருவருக்கும் இடையில் நின்று குரோய்டன் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

கடைசியில் மாஸ்டர்தான் வாயைத் திறந்தார். "இஞ்சேரும். கண்டனீர் எண்டா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?"

மாஸ்டர் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "அந்தக் கல்லாவுக்குக் கீழை முழங்கால் சரியா நொந்துபோச்சு," என்றார்.

"தெரியும். ஒரு கிழமையா நொண்டினீங்கள். வகுப்பிலை கதிரை சரியில்லை எண்டு எனக்குச் சொன்னீங்கள்." சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாஸ்டர் முதலில் திகைத்தார், பிறகு அவரும் சிரித்தார். ஒரு டிசிப்ளின் மாஸ்டர் நடுத்தெருவில் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரக் கிழவி எங்களைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இப்ப வெளிக்கிட்டா பின்னேர வகுப்புக்குப் போய்ச் சேரலாம்," என்றார்.

"இண்டைக்கு ஒரு வகுப்பும் வேண்டாம்," என்றார் அக்கா. "இல்ஃபோர்டுக்கு வெளிக்கிடுங்கோ. தம்பியையும் பெம்பிளையையும் நீங்கள் இன்னும் ஆசீர்வதிக்கேல்லை. போற வழியிலை ஏதும் வாங்கிக்கொண்டு போவம்."

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். பிறகு, பிரம்புக்கு முன்னால் நிற்கிற பெடியனைப் போல என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார் மெல்ல, "இண்டைக்கு ஒரு நாள் வகுப்புக்குப் போகாட்டி, பெனிபிட்டை வெட்டுவினமோ?"